படர்தாமரையும் நம் பொய் வெட்கமும்

சென்ற ஆண்டு ஒரு மஹல்லா ஜமாஅத்தின் அலுவலக அறையில் ஒரு குலா வழக்கு விசாரணைக்கு வந்தது. நாமும் அங்கே அமர்ந்திருந்தோம். பெயர்களும் பள்ளிவாசலும் இங்கே வேண்டாம். கணவர் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு ஆண்டுகளாக நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். மனைவி இரு பிள்ளைகளுடன் தாய்வீடு சென்றுவிட்டார். காரணம் கேட்டால், "ஒத்துவரவில்லை" என்றார் பெண்ணின் தகப்பனார். "என்ன ஒத்துவரவில்லை?" என்று கேட்ட முத்தவல்லிக்கு விடை வரவில்லை. கணவர் தரையைப் பார்த்தபடியே இருந்தார். இரண்டு மணி நேரம் சீர்வரிசை பேசப்பட்டது, மாமியார் குணம் பேசப்பட்டது, பொறுமையின் சிறப்பும் பேசப்பட்டது. பிரிவுக்குக் காரணமான பொருளை மட்டும் எவரும் தொடவில்லை. கடைசியில் திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் உம்மம்மாதான் பொறுமை இழந்தார்: "அவருக்குக் கவட்டியில சொறி. எம் பேத்திக்கும் ஒட்டிக்கிச்சு. எங்க போயி வாங்கிட்டு வந்தாரோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்!"

அறை அமைதியானது. அந்த மனிதரின் முகத்தை நாம் இன்றுவரை மறக்கவில்லை. அவருக்கு வந்திருந்தது படர்தாமரை. தகாத இடத்திலிருந்து அவர் எதையும் வாங்கி வரவில்லை. சென்னையின் வெக்கையும், பாலியஸ்டர் கால்சட்டையும், நாளெல்லாம் நின்ற வியர்வையும் தந்த பூஞ்சைத் தொற்று அது. தோலைப் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவர் சில நிமிடங்களில் கண்டறிந்துவிடக்கூடிய நோய். அதை அவர் பதினான்கு மாதங்கள் மறைத்தார். மறைத்ததனால் மனைவி ஐயுற்றார். ஐயுற்றதையும் வாய்விட்டுச் சொல்ல வெட்கம். ஒரு குடும்பம் உடைவதற்கு இது போதுமானதாக இருந்தது.

அந்த வெட்கத்துக்கு நம் சமுதாயத்தில் 'ஹயா' என்று பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையில் நம் வாதம்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுவோம். நம் முன்னோர் இதற்குப் படர்தாமரை என்று பெயர் வைத்தார்கள். வட்டமாய்ப் படர்வதை அவர்கள் கூச்சமின்றிக் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள். நாமோ 'அந்தப் பிரச்சினை', 'அங்கே கொஞ்சம் அரிப்பு' என்று முணுமுணுக்கிறோம். தோல், முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பூஞ்சைகள் இதற்குக் காரணம். வெப்பமும் ஈரமும் காற்றுப்படாத மடிப்பும் அவற்றுக்கு உகந்தவை. தொடையிடுக்கு, அக்குள், இடுப்பில் கைலி முடிச்சு விழும் இடம், பெண்களுக்கு மார்பின் கீழ்மடிப்பு, கால்விரல் இடுக்கு ஆகியவையே அவை குடியேறும் இடங்கள். மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்கி நடந்து, பத்து மணி நேரம் நின்று, இரவில் அதே உடையோடு திரும்பும் தொழிலாளிக்கு இது வரும். மயிலாப்பூரில் ஷூவும் சாக்ஸும் அணிந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கு வரும். அடையாறில் இறுக்கமான நைலான் உடையில் உடற்பயிற்சி செய்துவிட்டு வியர்வையோடு காரில் ஏறும் வாலிபனுக்கும் வரும். தடித்த செயற்கை இழைப் புர்காவைச் சித்திரை வெயிலில் அணியும் நம் சகோதரிகளுக்கும் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இது எளிதில் தங்கிவிடும். ஒழுக்கக்கேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தினம் ஐந்து வேளை உளூச் செய்பவருக்கும் வரும். ஈரம் துடைக்காமல் சாக்ஸை மாட்டினால் அவருக்கே முதலில் வரும்.

இனி, அந்த ஜவுளிக்கடைச் சகோதரர் என்ன செய்தார் என்று பாருங்கள். நம்மில் நூற்றுக்கணக்கானோர் செய்வதையே அவரும் செய்தார். கூட்டமில்லாத நேரம் பார்த்து ஒரு மருந்துக்கடைக்குப் போனார். பெண்கள் நின்றால் திரும்பி வந்தார். கடைக்காரர் தனியாக இருந்தபோது குரலைத் தாழ்த்தி, "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்றார். கடைக்காரரும் அதைவிடத் தாழ்ந்த குரலில், "இதைப் போடுங்க, ரெண்டு நாள்ல நின்னுடும்" என்று ஒரு குழாயைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இரண்டு நாளில் நின்றும் விட்டது. அவருடைய பதினான்கு மாதத் துன்பம் அங்கேதான் தொடங்கியது.

அந்தக் குழாயில் இருந்தது ஒற்றை மருந்தன்று. பூஞ்சைக்கொல்லி ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்றிரண்டு, அவற்றோடு க்ளோபெட்டசால் என்னும் மிக வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பை நிறுத்தியது அந்த ஸ்டீராய்டு. பூஞ்சை அதனால் சாகவில்லை. பூஞ்சையை எதிர்த்துப் போராடிய தோலின் எதிர்ப்பைத்தான் ஸ்டீராய்டு அடக்கியது. சிவப்பும் வட்டமும் மங்கின. அடியில் பூஞ்சை எதிர்ப்பின்றிப் பரவியது. களிம்பை நிறுத்தினால் முன்னிலும் கடுமையாக அரிப்பு திரும்பியது. மீண்டும் களிம்பு, மீண்டும் தணிவு. இப்படியே மாதங்கள் உருண்டால் தோல் காகிதம்போல் மெலிகிறது. தொடையில் செந்நிறக் கோடுகளாய் வரித்தழும்புகள் விழுகின்றன, அவை முழுதும் மறைவதில்லை. வட்டத்தின் வடிவமே குலைந்துபோவதால் மருத்துவரும் சில வேளை தடுமாற நேர்கிறது.

அரசுக்கு இது தெரியாமலில்லை. 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் பதினான்கு ஸ்டீராய்டுக் களிம்பு மருந்துகளை 'அட்டவணை எச்'இன் கீழ்க் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்பது அதன் பொருள். அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டபோது இத்தகைய அரிப்புக் களிம்புகளும் அப்பட்டியலில் இருந்தன. தோல் மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் இதற்கெனத் தனிக் குழுவே அமைத்துப் பரப்புரை செய்தது. இருந்தும் காகிதத்தில் சுற்றிய குழாய்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சட்டத்தை மீறி விற்பவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் விற்பது எதைக் கண்டு? நம் தாழ்ந்த குரலைக் கண்டுதான். வாங்குபவன் மறுகேள்வி கேட்கமாட்டான், மருத்துவரிடம் போகமாட்டான், கெடுதி நேர்ந்தாலும் வெளியே சொல்லமாட்டான் என்று அவருக்குத் தெரியும். இதைவிட நல்ல வாடிக்கையாளன் எந்த வணிகனுக்குக் கிடைப்பான்?

இதனால் ஏற்பட்ட கேடு நம் வீட்டோடு நிற்கவில்லை. முன்பு சில வாரங்களில் மாத்திரைக்குப் பணிந்த பூஞ்சை இப்போது பலரிடம் பணிவதில்லை. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்ற நோயாளிகளிடம் கண்ட ஒரு பூஞ்சை இனத்துக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் 'டிரைக்கோஃபைட்டன் இந்தோட்டினியே' என்று பெயரிட்டார்கள். நம் நாட்டின் பெயரையே தாங்கிய சொறி! டெர்பினாஃபின் என்னும் வழக்கமான மருந்துக்கு இதில் பெரும்பகுதி அசைவதில்லை. 2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயார்க்கில் இருவருக்கு இது கண்டறியப்பட்டதை அறிவித்தது. அவர்களில் ஒருவர் வங்காளதேசம் சென்று வந்தவர், மற்றவர் வெளிநாடு செல்லாதவர். அரைகுறை மருத்துவமும் கண்டபடி பூசும் ஸ்டீராய்டும் இதன் பெருக்கத்துக்குத் துணைபோயின என்பது மருத்துவ உலகின் பரவலான கருத்து. மருந்துக்கடை வாசலில் நாம் தாழ்த்திய குரல் கடல் கடந்திருக்கிறது என்றால் மிகையாகாது.

இப்போது மார்க்கத்துக்கு வருவோம். "இதெல்லாம் வெளியில் பேசும் விஷயமா? ஹயா ஈமானின் பகுதியல்லவா?" என்று கேட்போர் இக்கட்டுரையையும் பாதியில் மூடிவிடக்கூடும். ஹயா ஈமானின் பகுதியே, மறுப்பில்லை. ஆனால் அந்த ஹயாவை நமக்குக் கற்பித்த தலைமுறை எப்படி நடந்துகொண்டது?

சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் இருவர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் பின் அவ்வாம் (ரலி). இருவருக்கும் உடலில் அரிப்பு இருந்தது. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டிருந்தும், அந்த அரிப்பின் காரணமாக நபி (ஸல்) அவர்கள் இருவருக்கும் பட்டாடை அணிய அனுமதி அளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. இதைச் சற்று நின்று எண்ணிப்பாருங்கள். படைத்தளபதிகள், பெருவணிகர்கள், சமுதாயத்தின் தூண்கள். 'எனக்கு அரிக்கிறது' என்ற செய்தி நபியிடம் எட்டியது. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. 'எங்கே போய் வாங்கி வந்தாய்' என்று கேட்கவில்லை. ஒரு சட்டத்தையே அவர்களுக்காகத் தளர்த்தினார்கள். தோலை உறுத்தாத துணி வேண்டும் என்பது அன்றே உணரப்பட்டிருந்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்த இருவரின் அரிப்பு பெயரோடு ஓதப்பட்டு வருகிறது. அதனால் அவர்களின் மதிப்பு குன்றியதா?

அலீ (ரலி) அவர்களுக்கும் வெட்கம் இருந்தது. இச்சை நீர் அடிக்கடி வெளிப்படுவது பற்றி அவர்கள் கேட்டறிய வேண்டியிருந்தது. நபியின் மகளை மணந்தவராதலால் நேரில் கேட்கக் கூசினார்கள். எனவே மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் சொன்னார்கள், விடையும் பெற்றார்கள். ஹயா என்பது இதுதான். அது கேள்வியை அடைக்காமல் கேள்விக்கு வேறு வழி தேடித் தரும். உம்மு சுலைம் (ரலி) பெண்ணின் கனவு ஸ்கலிதம் பற்றி நேரிலேயே கேட்டார்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) நிற்காத உதிரப்போக்கைப் பற்றிக் கேட்டபோது, அது மாதவிடாயன்று, நரம்பிலிருந்து வருவது என்று நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அவர் கேட்கத் தயங்கியிருந்தால் இன்று எத்தனை பெண்கள் தொழுகையை விட்டுவிட்டுத் தவித்திருப்பார்கள்! மாதவிடாய் பற்றி மக்கள் கேட்டதும் அதற்கான விடையும் அல்பகரா அத்தியாயத்தின் 222ஆம் வசனத்தில் பதிவாகியிருக்கின்றன. நம் ஃபிக்ஹு நூல்களில் பெரும்பாலானவை தூய்மை பற்றிய பாடத்திலிருந்தே தொடங்குகின்றன. மதரஸாவில் பத்து வயதுப் பிள்ளை குளிப்பைக் கடமையாக்கும் காரியங்களை வரிசையாக ஒப்பிக்கிறது. அதே பிள்ளை பதினைந்து வயதில் தொடையில் அரிக்கிறது என்று தாயிடம் சொல்ல அஞ்சுகிறது. இடையில் ஐந்து ஆண்டுகளில் நாம் அதற்கு எதைக் கற்பித்தோம்?

நாம் கற்பித்தது ஊர் வாய்க்கு அஞ்சும் அச்சம். அதற்கு அரபியில் பெயர் வைத்துவிட்டதால் அது மார்க்கமாகிவிடாது.

இந்த அச்சத்தின் மறுபக்கம் இன்னும் கொடியது. நோயுற்றவரை அசுத்தமானவர் என்று முத்திரை குத்துகிறோம். அதனால் அவர் மேலும் மேலும் தேய்த்துக் குளிக்கிறார். கடுமையான சோப்பு, கொதிக்கும் நீர், எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு என்று எதையாவது பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை அத்தரை அள்ளிப் பூசி வியர்வை வாடையை மறைக்கிறார். ஜும்ஆக் குளிப்புக்குக் காரணம் கூறும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பில், மதீனாவின் மேட்டுப்புறத்திலிருந்து உழைத்த உடலோடும் புழுதியோடும் வந்தவர்களிடம் வாடை வீசியது என்று வெளிப்படையாகவே வருகிறது. நபி (ஸல்) அவர்கள் அவர்களை விரட்டவில்லை, இழிவுபடுத்தவுமில்லை, குளித்துவிட்டு வரலாமே என்றார்கள். வியர்வை நாறும் என்பது உழைப்பாளியைப் பற்றிய இயல்பான செய்தி. அதை இயல்பாகச் சொன்னால் அவர் குளிப்பார். மூக்கைப் பொத்தினால் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுவார்.

திருமணச் சந்தையில் இதே ஸ்டீராய்டுக்கு வேறு வேலை. மாப்பிள்ளை வீட்டார் வருமுன் பெண்ணின் முகம் 'தெளிய' வேண்டும் என்று பூசப்படும் சில சிவப்பழகுக் களிம்புகளிலும் அது இருக்கிறது. நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும், வெயிலில் நிற்க முடியாது. படர்தாமரையை மறைக்கும் தாய், மகளின் நிறத்தை மறைக்க அதே குழாயை வாங்குகிறாள். அதற்கு மட்டும் அவளுக்கு வெட்கம் இல்லை.

பெண்கள் மருத்துவரிடம் போகாததற்கு 'ஆண் மருத்துவர்' என்று காரணம் சொல்வோர் உண்டு. தோல் மருத்துவத்தில் பெண் மருத்துவர்கள் இச்சென்னையில் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் கிடைக்காத இடத்திலும் சிகிச்சைக்குத் தேவையான அளவு மட்டும் காட்டுவதற்கு மார்க்க அறிஞர்கள் தடை சொல்லவில்லை. பணமில்லை என்பாரும் உளர். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் புறநோயாளர் சீட்டுக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் அது எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஒரு நாள் கூலி போகும் என்பது மெய். பதினான்கு மாதக் களிம்புக்குக் கொடுத்த விலை அதனினும் பெரிது.

அந்தக் குடும்பத்தை ஜமாஅத் நிர்வாகிகளே ஒரு பெண் மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்கள். அவர் சொன்னவற்றில் நமக்குப் பயன்படுவதை இங்கே தருகிறோம். வீட்டில் நால்வரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்றார். ஒருவர் குணமாகி மற்றவர் மறைத்தால் நோய் வீட்டைச் சுற்றிவரும். மாத்திரையை அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், அவர் சொல்லும் நாள்வரை வாரக்கணக்கில் உண்ண வேண்டும். துண்டு ஆளுக்கொன்று. உள்ளாடையும் சாக்ஸும் தனியே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தி, முடிந்தால் இஸ்திரி போட்டு உடுத்த வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளின் குளியலறையிலேயே அரை ஈரமாக உலரும் உள்ளாடை இந்நோய்க்கு உற்ற தோழன். வெயிலில் உலர்த்தினால் பக்கத்து வீட்டார் பார்ப்பார்களே என்ற வெட்கம் இங்கும் வந்துவிடுகிறது, பாருங்கள்! குளித்தபின் மடிப்புகளையும் கால்விரல் இடுக்குகளையும் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும்.

உளூச் செய்த நீரைத் துடைப்பது தவறு என்று சில வீடுகளில் ஒரு கருத்து உலவுகிறது. துடைப்பதில் குற்றமில்லை என்பதே அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. துடைக்காதிருப்பது சிறப்பு என்று கூறிய ஷாஃபிஈ மத்ஹபினரும் தேவை இருப்பவருக்கு அதை விலக்கியே வைத்தார்கள். விரலிடுக்கில் புண் இருப்பதைவிட வேறு என்ன தேவை வேண்டும்?

மறைவிட முடியை நீக்குவதிலும் இப்படி ஒரு முடிச்சு. நாற்பது நாளைக் கடக்கக் கூடாது என்பது சரி. சவரக்கத்திதான் வேண்டும் என்பது சரியன்று. மழித்தல் சிறப்பு, ஆயினும் கத்தரித்தாலும், நூரா என்னும் சுண்ணக் கலவை பூசினாலும் கடமை நிறைவேறும் என்று நவவீ (ரஹ்) போன்றோர் எழுதியிருக்கிறார்கள். படர்தாமரை உள்ள இடத்தில் கத்தியை இழுத்தால் தோல் கீறி, கிருமி புதிய இடத்துக்குப் பரவும். அந்நாட்களில் கத்தரிக்கோல் போதும். அதுவும் தனக்கென ஒன்று. ஒரே கத்தியை அண்ணன் தம்பி மூவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வீடுகளை நாம் அறிவோம்.

கதீப்மார்களிடம் ஒன்று கேட்கிறோம். ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட ஜும்ஆக்கள். அவற்றில் ஒன்றை வெயில் காலத்தில் இதற்கு ஒதுக்கக் கூடாதா? மருத்துவச் சொற்பொழிவு வேண்டாம். பட்டாடை அனுமதி பெற்ற அந்த இரு நபித்தோழர்களின் செய்தியைக் கூறி, 'அரிப்பு இருந்தால் மறைக்காதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள், கடையில் சொல்லி வாங்காதீர்கள்' என்று முடித்தால் போதும். மிம்பரில் ஒருமுறை சொல்லப்பட்ட சொல்லை வீட்டில் சொல்வதற்கு எவருக்கும் கூச்சம் இராது. அதைச் சொல்லாமல், தொலைக்காட்சி விளம்பரத்தில் சொறிந்துகொண்டு ஓடும் கோமாளியிடமே நம் பிள்ளைகளைப் பாடம் கேட்க விட்டிருக்கிறோம்.

அந்தச் சகோதரர் இன்றும் அதே கடையில்தான் நிற்கிறார். இப்போது பருத்தியில் தளர்ந்த கால்சட்டை தைத்துக்கொண்டார். மனைவியும் பிள்ளைகளும் வீடு திரும்பிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். நோய் முற்றும் அகல ஏழு மாதங்கள் ஆயின. அவருடைய மனைவியின் தொடையில் விழுந்த வரித்தழும்புகள் அகலவில்லை. உம்மம்மா மருமகனிடம் மன்னிப்புக் கேட்டதாக அறிந்தோம். உண்மையில் அந்த அறையில் இருந்தவர்களில் மன்னிப்புக் கேட்கும் தேவை குறைவாக இருந்தவர் அவர் ஒருவரே. வாய்திறந்தவர் அவர்தானே!

நாம் தொழும் பள்ளிவாசலின் வாயிலில் பொதுத் தொப்பிகள் நிறைந்த ஒரு கூடை இருக்கிறது. வருவோர் போவோர் எல்லாரும் வியர்த்த தலையில் வைத்துக் கழற்றிப் போடும் பிளாஸ்டிக் தொப்பிகள் அவை. உளூ எடுக்கும் இடத்தில் ஆணியில் ஒரு பொதுத் துண்டும் தொங்குகிறது. இரண்டையும் அகற்ற வேண்டும் என்று ரமளானுக்கு முன்பே எழுதிக் கொடுத்தோம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வைப்பதாகச் செயலாளர் சொன்னார். துண்டை மட்டும் யாரோ துவைத்து மாட்டியிருக்கிறார்கள்.